அடிக்கு ஒரு நூல் குறைந்த எஞ்சின்

வைட்ஃபீல்டு மெட்ரோ ஸ்டேஷன் படிக்கட்டைத் தாண்டி நடந்துகொண்டிருந்தேன். தோள்பையில் ஸ்பேனர்கள், இரண்டு செட் உடுப்பு, மண்ணெண்ணெயில் தீ சீறும் ஒரு பித்தளை ப்ளோலாம்ப். ப்ளோலாம்ப்போடு மெட்ரோவில் ஏற விடமாட்டார்கள். பஸ் பிடிக்கலாம்தான், ஆனால் சாயங்காலத்தில் அந்தச் சாலையில் பஸ்கள் நிற்பதற்கென்றே வருகின்றன. அதனால் நடந்தேன். எங்கே போகிறேன் என்று யோசிக்கவில்லை. ஓர் இடத்தை விட்டுக் கிளம்பும்போது அதை யோசிக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

முதுகுக்குப் பின்னால், பதினான்கு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே, ஒரு நீரூற்றுக்குள் பழைய படகு எஞ்சின் ஒன்று நின்றது. அதைச் செய்தது யார் என்று கண்டுபிடித்துக் கொடுத்தால் எனக்கு அங்கேயே நிரந்தர வேலை, பம்ப் ரூமுக்குப் பக்கத்தில் தங்க ஓர் அறை என்று பேச்சு. கண்டுபிடித்தாயிற்று. அதனால்தான் நடந்துகொண்டிருந்தேன்.

இப்போது எல்லா வேலைகளிலிருந்தும் ஓய்வு பெற்றுவிட்டேன். கூட வேலை பார்த்தவர்கள் இன்றும் கேட்கிறார்கள். கடல் இல்லாத பெங்களூருக்குப் படகு எஞ்சின் எப்படி வந்தது, நீ எப்படி வந்தாய் என்று. என் கதை சுருக்கம். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து ஆறாம் வகுப்புப் பாதியில் ரயில் ஏறினேன். தூத்துக்குடியில் மீன் கூடை தூக்கினேன். கொச்சியில் படகுகளுக்கு அடியில் படுத்துச் சுரண்டினேன். மங்களூரில் ஒரு மெக்கானிக்கிடம் எஞ்சின் பிரிக்கக் கற்றேன். சேர்த்துப் பூட்டக் கற்பதற்குள் அவர் கடையை மூடிவிட்டார். மிச்சத்தை அங்கங்கே கற்றுக்கொண்டேன். சாப்பாடு இல்லாத நாட்களும் இருந்தன, அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பசித்தது, அவ்வளவுதான்.

பெங்களூரில் எனக்கு வேலை கொடுத்தவர் விவேக் நகரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த லாசரண்ணன். பழைய கார், பழைய பம்ப், பழைய ஜெனரேட்டர் எல்லாம் சரி செய்வார். இயந்திரத்திடம் மரியாதையாகப் பேசுவார், மனிதர்களிடம் அப்படிப் பேசமாட்டார். ஒரு எஞ்சினைத் தொடும் முன் செருப்பைக் கழற்றுவார். மூன்று சுற்று சுற்றி வருவார். பிறகு குனிந்து, “கொஞ்சம் பொறுத்துக்கோங்கய்யா, வலிக்காது” என்பார். அதே மூச்சில் என் பக்கம் திரும்பி, “என்னடா பாக்குற எருமை, ஸ்பேனர எடு” என்பார். கஸ்டமர்களுக்கும் அதே மரியாதைதான். ஒரு டாக்டர் தன் காரை நாய் மாதிரித் தட்டினார் என்பதற்காக, அந்தக் காரை முடிக்காமல் வெளியே தள்ளியவர் அவர்.

அந்தப் படகு எஞ்சின் லாசரண்ணன் ஷெட்டின் மூலையில் நெடுங்காலம் கிடந்தது. ஒரே சிலிண்டர், ஆள் உயர ஃப்ளைவீல் சக்கரம், தலையில் ஓர் இரும்புக் குமிழ். அந்தக் குமிழை ப்ளோலாம்ப்பால் சிவக்கச் சிவக்கச் சூடாக்கினால்தான் எஞ்சின் கிளம்பும். அவருடைய அப்பா வாங்கி வைத்தது, சீமை எஞ்சின் என்று அப்பா சொல்லியிருக்கிறார், எந்தச் சீமை என்று சொல்லவில்லை. நெஞ்சில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. அதில் ஒரு எழுத்தும் இல்லை. லாசரண்ணன் குடும்பம் ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற குடும்பம், ஆனால் ஒர்க்‌ஷாப்பில் வருடாவருடம் ஆயுத பூஜை உண்டு. அந்த நாளில் பையன்கள் முதலில் கை வைப்பது அந்தத் தகட்டில்தான். புளியும் சாம்பலும் போட்டு மூக்குத்தி மாதிரி ஆகும்வரை தேய்ப்பார்கள்.

“பக்தியில பேரையே தேச்சிட்டானுங்க,” என்பார் லாசரண்ணன்.

வைட்ஃபீல்டில் ஒரு பில்டர் அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டி, அதற்குத் துறைமுகத்தின் பெயரை வைத்தார். கேட்டில் நங்கூரம், லிஃப்ட்டில் கப்பல் படம், செக்யூரிட்டிக்கு மாலுமித் தொப்பி. நடுவில் ஒரு நீரூற்று. நீரூற்றின் நடுவில் வைக்க ஏதாவது வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தவர் கண்ணில் எங்கள் எஞ்சின் பட்டது. அதை வாங்கி நிறுத்தி, சீமைச் சரக்கு, புராதனம் என்று விளம்பரத்தில் போட்டு வீடுகளை விற்றுவிட்டுப் போய்விட்டார். எஞ்சினைத் துடைத்து எண்ணெய் விட லாசரண்ணன் என்னை அனுப்பினார். நான் பம்ப் ரூமுக்குப் பக்கத்து அறையில் பாய் போட்டேன். சுவரில் ஈரம் இருந்தது, கதவில் உள்தாழ்ப்பாளும் இருந்தது. உள்தாழ்ப்பாள் உள்ள அறையில் அதற்குமுன் நான் தூங்கியதில்லை.

பிறகு குடியிருப்போர் சங்கம் பொறுப்பேற்றது. செகரெட்டரி பாஸ்கர் கோயம்புத்தூர்க்காரர், சாஃப்ட்வேரில் பெரிய வேலை, நல்ல மனிதர். ஒரு நாள் என்னிடம் வந்து நின்றார்.

“அண்ணா, இது எந்த கம்பெனிங்ணா?”

“தெரியலைங்க. தகடு தேஞ்சு போச்சு.”

“சிக்கல் ஆயிருச்சுங்ணா. பாதிப் பேரு இத எடுத்து குஜிரில போட்டுட்டு, அந்த எடத்துல எலெக்ட்ரிக் கார் சார்ஜ் பண்ற பாயின்ட் வெக்கணும்ங்கறாங்க. மீதிப் பேரு ஆன்டிக்குங்கறாங்க. ஆன்டிக்னா பேரு வேணுமில்லீங்களா? வருஷாந்தர மீட்டிங்குக்குள்ள யாரு செஞ்சதுன்னு சொல்லிட்டீங்கன்னா எஞ்சின் இங்கயே இருக்கும். நீங்களும் இங்கயே இருக்கலாம், பர்மனென்ட்டா. ரூம் உங்களுக்குத்தான்.”

குஜிரி என்றால் பழைய இரும்புக் கடை. பெயர் இருந்தால் எனக்கு அறை, இல்லாவிட்டால் எஞ்சினுக்குக் குஜிரி. நான் அன்றே லாசரண்ணனுக்குப் போன் போட்டேன்.

அவர் வந்தார். நீரூற்றை நிறுத்தச் சொன்னார். செருப்பைக் கழற்றி, பேன்ட்டை மடித்துக்கொண்டு, கணுக்கால் தண்ணீரில் மூன்று சுற்று வந்தார். பால்கனிகளில் நின்றவர்கள் ஏதோ சடங்கு என்று நினைத்துச் செல்போனில் படம் எடுத்தார்கள்.

பெயர் இல்லாத எஞ்சினின் ஊரைக் கண்டுபிடிக்க முறைகள் உண்டு. முதலில் மரை, அதாவது போல்ட்டின் திருகுப் பள்ளம். போல்ட்டைக் கழற்றி, மரைச் சீப்பை வைத்துப் பார்த்தால் அங்குலக் கணக்கா மில்லிமீட்டர் கணக்கா என்று தெரியும். அங்குலம் என்றால் பெரும்பாலும் இங்கிலீஷ்காரன் சரக்கு, மில்லிமீட்டர் என்றால் ஜெர்மனி பக்கம். நாங்கள் கழற்றிய முதல் போல்ட் அங்குலம். இரண்டாவது மில்லிமீட்டர். மூன்றாவது சைக்கிள் மரை. லாசரண்ணன் மூன்றையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “ஐயா, எத்தன ஊரு தண்ணி குடிச்சிருக்கீங்க?” என்று எஞ்சினிடம் கேட்டார்.

அடுத்தது பெயின்ட். மறைவான இடத்தில் பிளேடால் அடுக்கடுக்காகச் சுரண்ட வேண்டும். அடியில் இருக்கும் நிறம் கம்பெனி நிறம். நாங்கள் சுரண்டினோம். பில்டரின் கறுப்பு, அதன் கீழ் வெள்ளி, அதன் கீழ் பச்சை, அதன் கீழ் பழைய பஸ்களுக்கு அடிக்கும் சிவப்பு, அதன் கீழ் இரும்பு. சீமையில் யாரும் பஸ் சிவப்பில் எஞ்சின் செய்து அனுப்பியதாக நான் கேள்விப்பட்டதில்லை. லாசரண்ணன் கேள்விப்பட்டிருப்பதாகச் சொன்னார்.

“ஸ்காட்லாந்துடா. வளைஞ்ச ஸ்போக் பாரு. அவனுங்கதான் இப்படி வளைப்பானுங்க.”

“நீங்க ஸ்காட்லாந்து எஞ்சின் பாத்திருக்கீங்களாண்ணா?”

“இதோ பாத்துட்டிருக்கேன்ல.”

இதற்குள் சங்கத்தின் வாட்ஸப் குழுவில் வாக்கெடுப்பு நடந்தது. எஞ்சினைச் செய்த நாடு எது? ஸ்காட்லாந்து, ஜெர்மனி, நார்வே, தெரியாது. ‘தெரியாது’ பெரும்பான்மையில் ஜெயித்தது. பாஸ்கர் அந்த வாய்ப்பை நீக்கிவிட்டு மறுபடியும் வாக்கெடுப்பு நடத்தினார். ஸ்காட்லாந்து ஜெயித்தது. தோற்ற நார்வே கட்சியின் தலைவர், நார்வேயில் மூன்று வருடம் வேலை பார்த்தவர், முடிவை ஏற்க மறுத்துக் குழுவிலிருந்து வெளியேறினார்.

“அண்ணா, மெஜாரிட்டி வந்திருச்சு,” என்றார் பாஸ்கர். “டெக்னிக்கலா நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்.”

எனக்குக் கையெழுத்து வராது என்று இல்லை. போடத் தயாராகத்தான் இருந்தேன். உள்தாழ்ப்பாள் உள்ள அறைக்காக எஞ்சினை நிலாவில் செய்தது என்றுகூட எழுதிக் கொடுத்திருப்பேன். பேனாவும் கைக்கு வந்துவிட்டது. அப்போது வசுதா மேடம் வாக்கிங் குச்சியோடு குறுக்கே வந்தார்.

வசுதா மேடம் கல்லூரியில் உலோகப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஐந்தாவது மாடி. கன்னடக்காரர், தமிழர் நிறைந்த கன்டோன்மென்ட்டில் வளர்ந்ததால் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. இந்தக் குடியிருப்பில் எஞ்சினைப் பார்த்து ‘எவ்வளவு பெருசு’ என்று சொல்லாதவர் அவர் ஒருவர்தான்.

“லாசர் அவரே, சிலிண்டர் பக்கத்துல ஒரு ஒட்டு இருக்கே, பாத்தீங்களா?”

சிலிண்டரின் வெளிச்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இரும்புத் துண்டு, சுற்றிலும் ஆறு போல்ட். எப்போதோ விரிசல் விட்டிருக்கிறது, ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். பழைய எஞ்சின்களில் சாதாரணம்.

“அதைக் கழட்டிப் பாருங்க. உள்ளே ஏதாவது முத்திரை இருக்கலாம்.”

நான் ஸ்பேனர் போட்டேன். போல்ட் அசையவில்லை. எண்ணெய் விட்டேன், சூடு காட்டினேன், பைப்பை மாட்டித் தொங்கினேன். அசையவில்லை. அடுத்த போல்ட்டும் அப்படியே. லாசரண்ணன் என்னைத் தள்ளிவிட்டு, “மன்னிச்சுக்கோங்கய்யா” என்று சொல்லி, உளியை ஒட்டின் ஓரத்தில் வைத்துத் தட்டினார். உளி நுழைய இடமே இல்லை. டார்ச் அடித்து மூவரும் குனிந்தோம். ஒட்டுக்கும் சுவருக்கும் இடையில் கோடே கிடையாது. போல்ட் தலைக்கும் ஒட்டுக்கும் இடையிலும் கிடையாது. ஒட்டு, ஆறு போல்ட், அதில் ஒரு போல்ட்டின் தேய்ந்த முனை, எல்லாம் ஒரே வார்ப்பு. விரிசலைக்கூட வார்த்திருந்தார்கள்.

நான் எத்தனையோ எஞ்சின்களுக்கு ஒட்டுப் போட்டிருக்கிறேன். ஒட்டோடு பிறந்த எஞ்சினை அன்றுதான் பார்த்தேன்.

மேடம் டேப் கேட்டார். ஃப்ளைவீல் குறுக்களவு, அடித்தட்டு நீளம், போல்ட் துளைகளின் இடைவெளி என்று ஒவ்வொன்றாக அளக்கச் சொன்னார். எல்லா அளவும் முழு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்தது. ஓர் அடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல் குறைவு, அதாவது அரைக்கால் அங்குலம். இரண்டு அடியில் இரண்டு நூல்.

“டேப்பு தப்பு,” என்றார் லாசரண்ணன். என்னைக் கடைக்கு அனுப்பிப் புது டேப் வாங்கினார். அதுவும் அதையே சொன்னது. “கடைக்காரன் திருடன்,” என்றார்.

“டேப் சரி, லாசர் அவரே. உருக்கின இரும்பு ஆறும்போது சுருங்கும். அடிக்கு ஒரு நூல். அதனாலதான் மர அச்சைக் கொஞ்சம் பெருசா செய்வாங்க. இவங்க அச்சே செய்யல. யாரோ ஓட்டை எஞ்சினைக் கொண்டுவந்து, அதையே மண்ணுல பதிச்சு, அப்படியே ஊத்திட்டாங்க. அந்த ஒட்டைக் கழட்டணும்னுகூடத் தோணல. இது நகல்.”

லாசரண்ணனுக்கு முகம் கறுத்தது. “எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு மேடம். சீமைன்னாருன்னா சீமைதான்.”

“நகல்னா யாரு செஞ்ச நகல்?” என்று நான் கேட்டேன். எனக்கு இன்னும் ஒரு பெயர் தேவைப்பட்டது.

அதைக் கண்டுபிடிக்கச் சுவருக்குள் பார்க்க வேண்டும் என்றார் மேடம். எஞ்சின் சூடாகாமல் இருக்க அதன் சுவருக்குள் தண்ணீர் ஓடும் வெற்றிடம் இருக்கும். வார்க்கும்போது அந்த வெற்றிடத்தின் வடிவில் மண்ணைப் பிடித்துச் சுட்டு உள்ளே வைத்து, இரும்பு ஆறியதும் மண்ணை உடைத்து எடுப்பார்கள். அந்த மண்ணுக்கு கோர் என்று பெயர். சில பட்டறைகளில் கோர் செய்பவர்கள் அதில் ஆணியால் அடையாளம் கீறுவார்கள். கீறல் உள்சுவரில் புடைப்பாக நிற்கும்.

குடியிருப்பின் பிளம்பரிடம் சாக்கடை அடைப்பைப் பார்க்கும் கேமரா இருந்தது, பாம்பு மாதிரி நீளமான குழாயின் நுனியில். அதைக் கழுவி, தண்ணீர் போகும் துளை வழியாக விட்டோம். பிளம்பர் கையிலிருந்த செல்போனில் படம் தெரிந்தது. துரு, செம்மண், மறுபடி துரு. துருத்திக்கொண்டு ஒரு சைக்கிள் ஸ்போக், கோர் உடையாமலிருக்க வைத்தது.

“ஸ்காட்லாந்துல சைக்கிள் உண்டு,” என்றார் லாசரண்ணன்.

அப்போது எழுத்துகள் வந்தன. வரிசையாக, புடைப்பாக, கோணல்மாணலாக. பாஸ்கர், “நார்வே எழுத்து மாதிரி இருக்குதுங்ணா,” என்றார். மேடம் சிரித்தார். “மண்ணுல நேரா எழுதினா இரும்புல இடவலம் மாறித்தான் விழும். கண்ணாடி வேணும்.”

பக்கத்தில் இருந்த கண்ணாடி லிஃப்ட்டுக்குள் இருந்தது. பிளம்பர் கேமராவை நிறுத்தி, படத்தைப் பதிவு செய்துகொண்டு ஓடினார். நாங்கள் பின்னால் ஓடினோம். லிஃப்ட்டில் நெருக்கியடித்து நின்று, செல்போனைக் கண்ணாடிக்குக் காட்டினோம். பால் பாக்கெட்டோடு நின்றிருந்த ஓர் அம்மா பதினான்கை அழுத்தினார். கதவு மூடியது. நாங்கள் படித்துக்கொண்டே மேலே போனோம்.

தமிழ். எழுத்துக்கூட்டி நான்தான் சத்தமாகப் படித்தேன்.

“பாக்கியநாதன் மேஸ்திரி ஒழிக.”

பாஸ்கர் வாயைப் பொத்திக்கொண்டார். பால் பாக்கெட் அம்மா, “யாருங்க அது?” என்று கேட்டார். ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் லாசரண்ணன் சொன்னார்:

“எங்கப்பா.”

பதினான்கில் பால் பாக்கெட் அம்மா இறங்கிப் போனார். லிஃப்ட் கீழே வரும்போது லாசரண்ணன் தானாகவே சொன்னார். அப்பா தொம்மலூரில் வார்ப்படப் பட்டறை வைத்திருந்தார். இப்போது அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் நிற்கிறது. “ஞாயித்துக்கெழம பூசைக்கு அனுப்புவாரு. பூச முடிஞ்சதும் கோயில் வாசல்லயே நின்னு எல்லாரையும் பட்டறைக்கு ஓட்டிட்டு வருவாரு. எழுதுனவன் தப்பா எழுதல.” கீழே கதவு திறந்தபோது, “சீமைன்னா எங்களுக்கு ஒசத்தியா இருக்கும்னு சொல்லியிருக்காரு போல,” என்றார்.

நீரூற்றுக்குத் திரும்பியதும் அவர் பித்தளைத் தகட்டைக் கழற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தார். எழுத்து தேய்ந்திருந்தால் பின்பக்கம் குத்தின தடம் லேசாக இருக்கும். இல்லை. அத்தனை ஆயுத பூஜைக்கும் பையன்கள் வெறும் தகட்டைத் தேய்த்திருக்கிறார்கள். அவர் தகட்டை மறுபடி பூட்டினார். எஞ்சினின் குமிழ்மேல் கை வைத்து, “இத்தன நாளா சொல்லக் கூடாதாங்க?” என்று கேட்டார்.

வருஷாந்தர மீட்டிங்கில் எஞ்சின் தப்பித்தது. சீமைச் சரக்கு இல்லை என்று ஒரு கட்சி எழுந்தது. பெங்களூரிலேயே, கடலைப் பார்க்காதவர்களே வார்த்த படகு எஞ்சின் உலகத்தில் வேறெங்கும் இருக்காது, இதுதான் நம் ஊர்ப் பாரம்பரியம் என்றார் வசுதா மேடம். கை தட்டினார்கள். நார்வேக்காரர் குழுவுக்குத் திரும்பி வந்தார். உள்ளே எழுதியிருப்பதைப் போர்டில் போட வேண்டாம் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள்.

பாஸ்கர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெயரைச் சொல்லிவிட்டோம் என்ற தைரியத்தில் போனேன்.

“அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. இப்ப இது ஹெரிடேஜ் ஆயிருச்சு. இன்சூரன்ஸ் போடறோம். சர்டிபிகேட் இருக்கறவங்கதான் தொடலாம்ங்கறாங்க. ஐடிஐ, இல்லாட்டி டிப்ளமோ…”

“நான் ஆறாவதுங்க. அதுவும் பாதி.”

“தெரியுமுங்ணா.”

“குப்பையா இருந்தப்ப நான் தொடலாம்.”

“அப்ப யாரு வேணாலும் தொடலாமுங்ணா.” தான் சொன்னது அவருக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டார். “லாசர் சாருக்கும் இதேதான் சொல்லணும். எனக்குச் சங்கடமா இருக்கு.”

நான் அவரிடம் கோபப்படவில்லை. அறைக்குப் போய்ப் பாயைச் சுருட்டி மூலையில் வைத்தேன், அது அவர்களுடையது. உள்தாழ்ப்பாளை ஒரு முறை போட்டு எடுத்தேன். கிளம்பிவிட்டேன்.

மாரத்தஹள்ளி தாண்டியபோது கால் வலிக்க ஆரம்பித்தது. தொம்மலூர் வந்து, மேம்பாலத்துக்கு அடியில் பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். காலையில் எதிர்ச் சுவரில் ஒரு செக்யூரிட்டி ஏஜென்சியின் நோட்டீஸ் தெரிந்தது. உடனடி வேலை, தங்குமிடம் உண்டு. ‘தங்குமிடம்’ என்பதைப் படித்ததும் முகம் கழுவிக்கொண்டு போனேன். சூப்பர்வைசர் என்னை நடக்கச் சொன்னார். நடந்தேன். திரும்பச் சொன்னார். திரும்பினேன். “படிப்பு?” என்றார். சொன்னேன். “போதும்” என்றார். ஒரு சட்டை கொடுத்து வேனில் ஏற்றினார். வேன் வந்த வழியே போயிற்று. நங்கூரம் வைத்த கேட்டில் இறக்கிவிட்டார்கள். மாலுமித் தொப்பி என் தலைக்குப் பெரிதாக இருந்தது.

அறை பம்ப் ரூமுக்குப் பக்கத்து அறைதான். இரண்டு அடுக்குக் கட்டில் போட்டு நான்கு பேருக்கு ஆக்கியிருந்தார்கள். எனக்கு மேல் தட்டு. டியூட்டி நீரூற்றுப் பக்கம். எஞ்சினை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பதினோரு மணி வாக்கில் லாசரண்ணன் வந்தார், விட்டுப்போன ஏணியை எடுத்துக்கொண்டு போக. ஒரு கையில் எண்ணெய்க் குப்பி. என் தொப்பியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார்.

“என்னடா வேஷம் இது எருமை?”

“யாரும் தொடக் கூடாதுண்ணா. ரூல்.”

“நான் தொட்டா?”

“என்னைய அனுப்பிருவாங்கண்ணா. ரூம் போயிரும்.”

அவர் செருப்பைக் கழற்றினார். நீரூற்று ஓடிக்கொண்டிருந்தது. நான் எஞ்சினுக்கு முதுகைக் காட்டி, கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டேன்.